சர்வதேசப் பல்கலைக்கழகமும் லயத்துப் பிள்ளையும்

பிளஸ் டூ முடிவுகள் வெளிவந்த மறுநாளே தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை தாலுகாக்களில் நம் தாய்மார்கள் இரண்டு வரிசைகளில் நிற்கத் தொடங்குகிறார்கள். ஒன்று அக்ஷயா மையத்து வரிசை. கல்லூரி விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு. மற்றது வில்லேஜ் ஆபீஸ் வரிசை. நேட்டிவிட்டி, வருமானம், சாதி ஆகிய சான்றிதழ்களுக்கு. முதல் வரிசை எப்படியும் ஒரு பொழுதில் கரைந்துவிடும். இரண்டாவது அப்படியல்ல. "பழைய ரிக்கார்டு கொண்டு வாருங்கள்" என்ற ஒரு சொல்லில் அது தாலுகா ஆபீசுக்கு நீளும். அங்கிருந்து கம்பெனி ஆபீசுக்கு நீளும். சில சமயம் மலையிறங்கி, பாட்டனார் விட்டு வந்த திருநெல்வேலிச் சீமைக் கிராமம் வரைக்கும் நீளும். வரிசையில் நின்ற நாளுக்குக் கொழுந்துக் கணக்கில் பெயர் ஏறாது. சான்றிதழ் கைக்கு வருவதற்குள் முதல் அலாட்மெண்ட் முடிந்து போயிருக்கும்.

இந்த வரிசைகள் ஆண்டுதோறும் நீண்டுகொண்டிருக்கிற அதே காலத்தில்தான், உயர்கல்வியைச் சர்வதேச மயமாக்குவது என்ற பேச்சு டில்லியிலும் திருவனந்தபுரத்திலும் பலமாக எழுந்திருக்கிறது. மாநாடுகள் கூடுகின்றன. பல்கலைக்கழகங்கள் திட்டம் தீட்டுகின்றன. தேயிலைக் காட்டுக்கும் ஏலக்காட்டுக்கும் இதில் என்ன சம்பந்தம் என்று நம்மில் பலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அதனால்தான் இந்த மாதத் தலையங்கத்தை இதற்கென ஒதுக்கியிருக்கிறோம்.

சர்வதேச மயம் என்றால் என்ன? நான்கு காரியங்களை இந்தப் பெயரில் சொல்கிறார்கள். அயல்நாட்டு மாணவர்களை இங்கே வரவழைப்பது ஒன்று. 2018-ல் மத்திய அரசு 'ஸ்டடி இன் இந்தியா' என்ற திட்டத்தை இதற்காகத் தொடங்கிற்று. நம் மாணவர்கள் அயல்நாட்டுக்குப் போய்ப் படிப்பது இரண்டாவது. அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இங்கே வந்து கிளை திறப்பது மூன்றாவது. இதற்கான விதிகளைப் பல்கலைக்கழக மானியக் குழுவாகிய யு.ஜி.சி. 2023 நவம்பரில் வெளியிட்டது. இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகம் 2025-ல் டில்லிக்கு அருகே குருகிராமில் வகுப்புகளைத் தொடங்கியும் விட்டது. நம் நிறுவனங்கள் வெளிநாட்டில் கிளை வைப்பது நான்காவது, சென்னை ஐ.ஐ.டி. 2023-ல் ஆப்பிரிக்காவின் ஸான்ஸிபார் தீவில் கிளை திறந்தது.

மூன்றாவது காரியத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அப்படி வரும் அயல்நாட்டுக் கிளை யாரைச் சேர்ப்பது, என்ன கட்டணம் வாங்குவது என்பதைத் தானே தீர்மானித்துக்கொள்ளலாம் என்று அந்த விதிகள் சொல்கின்றன. இட ஒதுக்கீடு அங்கே கட்டாயமில்லை. உதவித்தொகை கொடுத்தால் கொடுக்கலாம். 2015 செப்டம்பரில் மூணாறில் 'பெம்பிளை ஒருமை' என்று பெண்கள் திரண்டு போராடி, நாள் கூலியை 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்த்துவதற்கு என்ன பாடுபட்டார்கள் என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நாம். அந்தக் கூலியில் இந்தக் கட்டணத்தைக் கட்டுவது எப்படி என்று கணக்குப் போடுவதே வீண்.

கேரள அரசியல் இந்த விஷயத்தில் நடந்து வந்த பாதை விசித்திரமானது. 1994 நவம்பர் 25-ல் கூத்துப்பறம்பில், சுயநிதிக் கல்வியை எதிர்த்த போராட்டத்தில் ஐந்து இளைஞர்கள் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். 2016 ஜனவரியில் கோவளத்தில் நடந்த உலகக் கல்வி மாநாட்டின்போது, மாநில உயர்கல்விக் கவுன்சிலின் துணைத் தலைவரான முன்னாள் தூதர் ஒருவர் மாணவர் இயக்கத்தாரால் அடித்துக் கீழே தள்ளப்பட்டார். 2024 பிப்ரவரி பட்ஜெட்டில், அதே இடதுசாரி முன்னணியின் நிதியமைச்சர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களை அனுமதிப்பது பற்றி ஆராய்வோம் என்றார். 2025 மார்ச்சில் தனியார் பல்கலைக்கழக மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. கொள்கை மாறலாம், காலம் மாறும்போது மாறத்தான் வேண்டும். ஆனால் ஏன் மாறினோம் என்பதைத் தொண்டர்களுக்கும் மக்களுக்கும் விளக்கிச் சொல்லும் கடமை மாறியவர்களுக்கு உண்டு. அந்த விளக்கம் போதிய அளவு வரவில்லை என்பதே நம் கருத்து.

காரணம் இல்லாமலும் இல்லை. 2023-ஆம் ஆண்டின் கேரள இடப்பெயர்ச்சிக் கணக்கெடுப்பு, வெளிநாட்டில் இருக்கும் கேரள மாணவர்கள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் என்று சொல்லிற்று. 2018-ல் இது ஒரு லட்சத்து இருபத்தொன்பதாயிரம். ஐந்தே ஆண்டில் இரட்டிப்பு. பிள்ளைகள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். இங்கே கல்லூரிகளில் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. ஆகவே காலி இடங்களை அயல்நாட்டு மாணவரைக் கொண்டு நிரப்பலாம், போகிறவர்களை இங்கேயே நிறுத்தலாம் என்று பல்கலைக்கழகங்கள் எண்ணுகின்றன. எண்ணம் தவறில்லை. நம் கேள்வி வேறு. காலி இடத்தை நிரப்ப ஆள் தேடிக் கடல் தாண்டிப் பார்க்கிற கண், ஏன் வட்டவடைப் பக்கம் திரும்புவதில்லை?

நாம் சர்வதேசத்துக்கு விரோதிகள் அல்லர். 1877-ல் கண்ணன் தேவன் மலைகளைப் பூஞ்ஞாற்று ராஜாவிடம் குத்தகைக்கு எடுத்தவர் மன்றோ என்ற வெள்ளைக்காரர். காடு வெட்டியவர்களும், பின்னால் கொழுந்து கிள்ளியவர்களும் கங்காணியின் பின்னே மலையேறிய நம் முன்னோர்கள். இங்கே காய்ந்த தேயிலை லண்டன் சந்தையில் விலைபோயிற்று. சர்வதேச வர்த்தகம் என்ற சொல்லைக் கேள்விப்படாமலே அதைத் தலையில் சுமந்தவர்கள் நம் பாட்டிமார்.

தமிழ்ப் படிப்பும் அப்படித்தான். 1964-ல் தனிநாயகம் அடிகளார் முதலியோர் டில்லியில் கூடி உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை அமைத்து, 1966-ல் கோலாலம்பூரில் முதல் மாநாட்டைக் கூட்டிய காலத்தில், அந்த முயற்சியில் முன்னின்றவர்களில் ஒருவர் கேரளப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வ.அய்.சுப்பிரமணியம். பின்னாளில், 1981-ல், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானவரும் அவரே. திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டே தமிழை உலகத்தோடு இணைக்க முடிந்தது. பல்கலைக்கழகம் மனம் வைத்தால் எல்லைப்புறத்து மொழி ஒரு தடையல்ல, ஒரு செல்வம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

பாலக்காட்டுப் பக்கத்து வாசகர்களுக்கு 'சர்வதேசம்' என்றால் வேறொன்றும் நினைவுக்கு வரும். 2000-ல் பிளாச்சிமடைக்குக் கொக்கோ கோலா வந்தது. 2002 ஏப்ரலில் ஆதிவாசிகள் பந்தலிட்டு உட்கார்ந்தார்கள். 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. கிணறுகள் கெட்டதற்கு நஷ்டஈடு வாங்க 2011-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்கவில்லை. வருகிறவர்கள் யாருக்காக வருகிறார்கள் என்று சித்தூர்த் தாலுகாக்காரர் முன்கூட்டியே கேட்டால், அவரைப் பிற்போக்கு என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

இனி, திட்டத்துக்கு வருவோம். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, அயல்நாட்டு மாணவர் படிக்கும் ஒவ்வொரு நிறுவனத்திலும் அவர்களை வரவேற்று உதவி செய்ய ஒரு தனி அலுவலகம் இருக்க வேண்டும் என்கிறது. 2021-ல் யு.ஜி.சி. இதற்கு வழிகாட்டும் குறிப்புகளை வெளியிட்டது. 2022-ல் இன்னொன்றும் வந்தது: பட்டப் படிப்பிலும் மேல்பட்டப் படிப்பிலும் அனுமதிக்கப்பட்ட மொத்த இடங்களுக்கு மேலாக, 25 சதவீதம் வரை அயல்நாட்டு மாணவர்களுக்கென்று கூடுதல் இடங்களை உண்டாக்கிக்கொள்ளலாம். அந்தக் கூடுதல் இடத்துக்கு அயல்நாட்டவர் வராவிட்டால்? இடம் காலியாகவே கிடக்க வேண்டும்; வேறு எவருக்கும் கொடுக்கக் கூடாது. இதை நம் வாசகர்கள் ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

அயல்நாட்டு மாணவர் ஒருவர் வருகிறார் என்றால் பல்கலைக்கழகம் என்னென்ன செய்கிறது என்று பாருங்கள். அவர் நாட்டுச் சான்றிதழ் நம் பிளஸ் டூவுக்குச் சமமா என்பதைத் தானே பார்த்துச் சொல்கிறது. தங்க இடம் காட்டுகிறது. பாட மொழி தடுமாறினால் பயிற்சிக்கு வழி செய்கிறது. என்ன குறை என்றாலும் போய்ச் சொல்ல ஓர் அதிகாரி இருக்கிறார். இவையெல்லாம் வேண்டியவைதாம். ஊர் தெரியாமல், மொழி தெரியாமல் வருகிற பிள்ளைக்கு இத்தனையும் செய்யத்தான் வேண்டும். யாம்பியாவிலிருந்து வந்தாலும் சரி, நேபாளத்திலிருந்து வந்தாலும் சரி, அவனும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைதான்.

ஆனால் இந்தப் பட்டியலை இன்னொரு தரம் வாசியுங்கள். சான்றிதழுக்கு வழி, விடுதி, மொழிக்கு உதவி, குறை கேட்க ஓர் ஆள். இது நம் சங்கத்தின் கோரிக்கை மனுவேயல்லவா? தோட்டப் பிள்ளைகளுக்காக ஆண்டுக்கு ஆண்டு கலெக்டரிடமும் அமைச்சர்களிடமும் நாம் கொடுத்துவரும் மனுவில் உள்ளவை இவையே. இவையெல்லாம் நிர்வாகத்தால் ஆகாத காரியங்கள் என்றுதான் நமக்கு இதுநாள் வரை பதில் வந்தது. ஆகும் என்று இப்போது பல்கலைக்கழகங்களின் திட்டமே காட்டிவிட்டது.

சான்றிதழ்க் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். தாழ்த்தப்பட்டோர் பட்டியலை ஜனாதிபதி ஆணையாக வெளியிட்ட நாள் 1950 ஆகஸ்டு 10. அந்த நாளில் குடும்பம் எந்த மாநிலத்தில் இருந்ததோ, அந்த மாநிலத்தில்தான் பட்டியலின் உரிமை. பிறகு இடம்பெயர்ந்தவர் புதிய மாநிலத்தில் அந்த உரிமையைக் கேட்க முடியாது என்று 1990-ல் ஒரு மருத்துவக் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே தோட்டத்துப் பிள்ளை கேரளத்தில் சாதிச் சான்றிதழ் கேட்டால், உன் பாட்டனார் 1950-க்கு முன்பே இங்கே இருந்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்கிறார்கள்.

அத்தாட்சி எங்கிருந்து வரும்? தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது 1951-ல். பிராவிடண்ட் பண்டு சட்டம் 1952-ல். குடியரசின் முதல் பொதுத்தேர்தல் 1951-52-ல். அதாவது தொழிலாளியின் பெயரை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்று முதலாளியையும் சர்க்காரையும் கட்டாயப்படுத்திய ஏற்பாடுகள் பெரும்பாலும் அந்த ஆகஸ்டு மாதத்துக்குப் பின்னால் பிறந்தவை! அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் கங்காணியின் நோட்டும் கம்பெனியின் செக்ரோல் ஏடும்தான். கங்காணி போனார், நோட்டும் போயிற்று. கம்பெனி ஏடு கம்பெனியின் பீரோவில் இருக்கிறது, இல்லாமலும் இருக்கலாம். நமக்கோ சொந்த நிலமில்லை, பட்டா இல்லை, வீட்டு வரி ரசீது இல்லை. லயத்து வீடு வேலை இருக்கும் வரைக்கும்தான்.

தேவிகுளம் தனித் தொகுதியின் 2021-ஆம் ஆண்டுத் தேர்தல் பற்றிய வழக்கை நம் வாசகர்கள் அறிவார்கள். 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்துச் செய்தது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிற்று. அதில் மதம் பற்றிய கேள்வியே பிரதானமானாலும், பாட்டனார் காலத்தில் குடும்பம் எப்போது எஸ்டேட்டுக்கு வந்தது என்ற கேள்வியும் கிளப்பப்பட்டது. வழக்கின் அரசியலுக்குள் நாம் போகவில்லை. சட்டமன்ற உறுப்பினராய் இருப்பவருக்கே இந்தக் கேள்வி டில்லி வரைக்கும் இழுக்குமானால், பதினேழு வயதுப் பெண்பிள்ளை விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்குள் என்ன பதில் சொல்வாள்?

2025-ன் தனியார் பல்கலைக்கழக மசோதாவில் ஒரு நல்ல அம்சம் உண்டு. ஒவ்வொரு படிப்பிலும் 40 சதவீத இடங்கள் கேரளத்தில் நிரந்தரமாக வசிப்போருக்கு. அதற்குள் இட ஒதுக்கீட்டு முறையும் உண்டு. வரவேற்கிறோம். ஆனால் நிரந்தரமாக வசிப்பவர் யார்? நான்கு தலைமுறையாக இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணில் புதைந்தவர்களின் பிள்ளை அதில் சேர்த்தியா இல்லையா என்பதை மறுபடியும் அந்த வில்லேஜ் ஆபீஸ் வரிசையில்தான் தீர்மானிப்பார்களானால், சலுகை ஏட்டோடு நின்றுவிடும்.

மலையிறங்கித் தமிழ்நாட்டுக்குப் போகலாமே என்பார்கள். போகத்தான் செய்கிறோம். போடிக்கும் உத்தமபாளையத்துக்கும் நம் இடுக்கிப் பிள்ளைகள் போகிறார்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பிள்ளைகள் பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் போகிறார்கள். அங்கே போனால் நாம் கேரளத்துக்காரர்கள். 2020-ல் தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொடுத்தது, அருமையான சட்டம். 2022-ல் 'புதுமைப் பெண்' திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தொடங்கிற்று, அதுவும் அருமையானதே. இரண்டுக்கும் நிபந்தனை, தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கேரள அரசின் தமிழ்வழிப் பள்ளியில் பத்து வகுப்பும் தமிழிலேயே படித்துத் தேறிய தோட்டத் தொழிலாளி மகள் இரண்டிலும் சேர மாட்டாள். சென்னையில் ஜனவரி தோறும் அயலகத் தமிழர் தினம் கொண்டாடுகிறார்கள். சிங்கப்பூரும் மலேசியாவும் அயலகம்தான், சரி. போடிமெட்டின் மேல்பக்கம் எந்த லகம் என்று யாராவது சொன்னால் தேவலை.

மொழி விஷயத்திலும் ஒளிவுமறைவு வேண்டாம். மலையாளம் நமக்கு வேண்டாம் என்று நாம் ஒருபோதும் சொன்னதில்லை. இந்த மாநிலத்தில் பிழைப்பவனுக்கு மலையாளம் கைவிளக்கு. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாம் வகுப்பு வரை எல்லோரும் மலையாளம் படிக்க வேண்டும் என்கிறது, படிக்கட்டும். எஸ்.எஸ்.எல்.சி.யைத் தமிழ்வழியில் எழுத இந்த மாநிலம் இடம் தந்திருப்பதையும் நன்றியோடு சொல்கிறோம். சிக்கல் பதினோராம் வகுப்பில் தொடங்குகிறது. புத்தகம் ஆங்கிலத்தில், ஆசிரியர் விளக்குவது மலையாளத்தில், பிள்ளை யோசிப்பது தமிழில். முதல் மூன்று மாதம் வாயடைத்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையை மந்தம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அயல்நாட்டு மாணவருக்குத் தேவை என்று இப்போது உணரப்பட்ட மொழிப் பயிற்சி, ஆறே வாரம் நம் பிள்ளைக்கும் கிடைத்தால் அவன் எங்கேயோ போய்விடுவான்.

சித்தூர் அரசுக் கல்லூரி 1947-ல் தோன்றியது. அங்கே தமிழ்த்துறை இருக்கிறது, மேல்பட்டம் வரைக்கும் படிக்கலாம். பாலக்காட்டுத் தமிழருக்கு அது பெரிய ஆதரவு. மூணாறிலும் ஓர் அரசுக் கல்லூரி இருக்கிறது. 2018 ஆகஸ்டு மழையில் மலை சரிந்து அதன் கட்டடத்தைக் கொண்டுபோயிற்று. அதன் பிறகு கல்லூரி, இரவல் கட்டடங்களில் ஆண்டுக்கணக்கில் காலம் தள்ள நேர்ந்தது. உலகத்துக்கு வாசல் திறக்கும் திட்டங்கள் தீட்டப்பட்ட ஆண்டுகளும் அவையே.

அதே 2018-ல் இன்னொன்றும் நடந்தது. வட்டவடையிலிருந்து எறணாகுளம் மகாராஜாஸ் கல்லூரிக்குப் போய் வேதியியல் படித்துக்கொண்டிருந்த அபிமன்யு, ஜூலை 2-ஆம் தேதி கத்திக்குத்தில் இறந்தான். ஊருக்கு வந்திருந்தவன், எறணாகுளம் திரும்பியது காய்கறி லாரியில் ஏறி என்று அப்போது செய்தி வந்தது. அவன் கொலையின் அரசியல் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. அந்த லாரியைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. வட்டவடையிலிருந்து மூணாறுக்கே நாற்பது கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. அதற்கப்புறம் எறணாகுளம். பட்டப் படிப்புக்கு நம் பிள்ளைகள் கடக்கும் தூரம் அது.

பாலக்காட்டில் ஐ.ஐ.டி. இருக்கிறதே என்று பெருமையோடு நாம் சொல்லிக்கொள்வதுண்டு. பெருமைக்குரியதே. 2015-ல் அது முதலில் தொடங்கியது கோழிப்பாறையில். சுற்றுவட்டாரமெல்லாம் தமிழ் பேசும் கிராமங்கள். பிறகு கஞ்சிக்கோட்டில் சொந்த வளாகம் எழுந்தது. அதைக் கைப்பிடித்து வளர்த்தது சென்னை ஐ.ஐ.டி. சென்னை ஐ.ஐ.டி.யோ 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு உண்டானது. ஜெர்மனி சென்னைக்குக் கை கொடுத்தது, சென்னை பாலக்காட்டுக்குக் கை கொடுத்தது, ஸான்ஸிபாருக்கும் கை நீட்டியது. இதுதான் நல்ல சர்வதேச மயம். இந்தச் சங்கிலியில் ஒரே ஒரு வளையம் மட்டும் சேரவில்லை. கோழிப்பாறையில் அந்த வளாகத்துக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை. பக்கத்துப் பத்துப் பள்ளிகளின் கணக்கு, விஞ்ஞான ஆசிரியர்களைக் கூப்பிட்டு, சனிக்கிழமை தோறும் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்த எந்த விதி தடுக்கிறது?

மலேசியாவிலும் இது நடந்த கதைதான். அங்கே 1998-ல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ், 2000-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் என்று கிளைகள் வந்தன. தோட்டத் தமிழனின் பிள்ளைக்கு அவை தாமாகத் திறந்துவிடவில்லை. மலேசிய இந்தியர் காங்கிரஸ் முன்நின்று 2001-ல் கெடா மாநிலத்தில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தை உண்டாக்க வேண்டியிருந்தது. அத்தனை பணபலம் நமக்கு இல்லை. ஆகவே சர்க்காரிடம்தான் கேட்கிறோம்.

என்ன கேட்கிறோம்? கோழிக்கோடு, மகாத்மா காந்தி பல்கலைக்கழகங்களில் அயல்நாட்டு மாணவருக்கென இருக்கும் அலுவலகத்திலேயே மொழிச் சிறுபான்மை மாணவருக்கும் ஒரு மேஜை போடுங்கள். அங்கே தமிழும் கன்னடமும் தெரிந்த ஒருவரை உட்காரவையுங்கள். புதிய கட்டடம் வேண்டாம், ஒரு மேஜை போதும். அயல்நாட்டவருக்காகக் கூடுதல் இடங்களை உண்டாக்கும்போது, தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் அதே போல ஒரு பங்கு உண்டாக்குங்கள். சான்றிதழ் தாமதமானால் சேர்க்கையை நிறுத்தாமல், ஓராண்டு தவணை கொடுத்துச் சேருங்கள். சித்தூரிலும் மூணாறிலும் விடுதி வேண்டும், பெண்களுக்கு முதலில். தமிழ்நாடு அரசு தன் திட்டங்களில் கேரளத்துத் தமிழ்வழி அரசுப் பள்ளிகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 1950-க்கு முந்திய தோட்டக் கம்பெனி ஏடுகளை அரசு பார்வையிட்டு, நகலெடுத்து, தாலுகா ஆபீசில் வைக்க வேண்டும். அத்தாட்சியைத் தேடும் சுமையை, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியின் பேரன் தலையில் போடுவது நியாயமாகாது. ஏடு கம்பெனியிடம்; அதிகாரம் சர்க்காரிடம்; அலைச்சல் மட்டும் நம்மிடமா?

நம் குடும்பங்களுக்கும் ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டில் இடம் வாங்கித் தருகிறோம் என்று ஏஜெண்டுகள் இப்போது அடிமாலியிலும் கட்டப்பனையிலும் மட்டுமல்ல, லயங்களுக்கே வருகிறார்கள். பிராவிடண்ட் பண்டையும் கிராஜுவிட்டியையும் நம்பிக் கடன் வாங்கும் முன், பத்துப் பேரிடம் விசாரியுங்கள். 2024 ஜனவரியில் கானடா மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு போட்டது. அதே மாதம் இங்கிலாந்து, பெரும்பாலான படிப்புகளுக்கு வருவோர் குடும்பத்தை அழைத்து வருவதைத் தடுத்தது. அந்த நாட்டு அரசியல் ஒரு நாளில் மாறும். நம் கடன் மாறாது. போகக் கூடாது என்று சொல்லவில்லை. நர்சிங் படித்து முறையாகப் போனவர்கள் நன்றாக இருக்கிறார்கள். விசாரித்துப் போக வேண்டும் என்கிறோம்.

அடுத்த சேர்க்கைக் காலத்துக்கு முன்னால் சங்கம் ஒரு காரியத்தைச் செய்து முடிக்க எண்ணியிருக்கிறது. கிளைச் செயலாளர்கள் தங்கள் டிவிஷனில், கிராமத்தில், வீடு வீடாகப் போய்ப் பழைய காகிதங்களைக் கேட்டு நகலெடுக்க வேண்டும். பாட்டனார் பெயருள்ள செக்ரோல் சீட்டு, கம்பெனி ஆஸ்பத்திரிப் பிறப்புச் சீட்டு, எஸ்டேட் பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவு, கோயில் நன்கொடை நோட்டு, மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவேடு, கல்லறைக் கல்லில் வெட்டிய தேதி: எதுவும் தள்ளத்தக்கதல்ல. பெட்டியின் அடியில் கரையான் அரித்துக் கிடந்தாலும் தூக்கி எறிய வேண்டாம். நகல்களோடு, இந்த ஆண்டு சான்றிதழ் கிடைக்காமல் கல்லூரி இடத்தை இழந்த பிள்ளைகளின் பட்டியலையும் சேர்த்து, வரும் மாத இறுதிக்குள் சங்க அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறோம். பட்டியல் கைக்கு வந்ததும், இரண்டு பல்கலைக்கழகத் துணைவேந்தர்களையும் நேரில் காண நேரம் கேட்டு எழுதுவோம்.